பல்பு அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை வைத்து நட்சத்திரத்தின் சூட்டைப் படிப்பது எப்படி

திண்டுக்கல்லில் சின்னதாக ஓர் எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். ஒயர், சுவிட்சு, ஹோல்டர், ஃபேன், பல்பு. பல்பு வாங்க வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, “மஞ்சளா இருக்கணுமா, வெள்ளையா இருக்கணுமா?” என்பதுதான். மஞ்சள் என்றால் 3000கே பெட்டியை எடுப்பேன், வெள்ளை என்றால் 6500கே. அந்தக் ‘கே’ எதைக் குறிக்கிறது என்று பல வருடம் நான் யோசித்ததே இல்லை. ஏழாவது படித்துக்கொண்டிருந்த என் மகள் ஒருநாள் கடையில் உட்கார்ந்து பெட்டிகளை அடுக்கும்போது கேட்டாள்: “அப்பா, மஞ்சள் பல்புல வார்ம்னு போட்டுருக்கு, வெள்ளையில கூல்னு போட்டுருக்கு. ஆனா நம்பர் வெள்ளைக்குத்தானே அதிகமா இருக்கு?”

அவள் கேட்டது முழுக்கச் சரி. ‘கே’ என்பது கெல்வின். வெப்பநிலையை அளக்கும் அலகு. செல்சியஸோடு 273 சேர்த்தால் கெல்வின் வந்துவிடும். ஒரு பொருளை 3000 கெல்வினுக்குச் சூடாக்கினால் என்ன நிறத்தில் ஒளிருமோ அந்த நிறம் 3000கே. 6500 கெல்வினுக்குச் சூடாக்கினால் வரும் நிறம் 6500கே. ஆக, பெட்டியில் ‘இதமானது’ என்று போட்டிருப்பது குறைந்த சூட்டின் நிறம், ‘குளுமையானது’ என்று போட்டிருப்பது அதிகச் சூட்டின் நிறம். தண்ணீர்க் குழாயில் சிவப்புப் பொட்டு வெந்நீர், நீலப் பொட்டு பச்சைத் தண்ணீர் என்று பழகிய கண்ணுக்கு இது தலைகீழாகத்தான் தெரியும். ஆனால் வானம் இந்தக் கணக்கில்தான் நடக்கிறது. சிவந்த நட்சத்திரம் சூடு குறைந்தது, நீலம் பாய்ந்த வெள்ளை நட்சத்திரம் சூடு மிகுந்தது.

அன்று தொடங்கி நானும் மகளும் மொட்டை மாடியில் பழகிக்கொண்டதை, மற்றவர்களும் செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன். டெலஸ்கோப் வேண்டாம். ஒரு குண்டு பல்பு, ஒரு டிம்மர், கிடைத்தால் ஒரு பைனாகுலர், அவ்வளவு போதும்.

முதலில் வீட்டுக்குள் ஒரு பயிற்சி

வானத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு குண்டு பல்பைப் பாருங்கள். எல்இடி உதவாது, கம்பி இழை உள்ள பழைய குண்டு பல்புதான் வேண்டும். 60 வாட்டோ 40 வாட்டோ, இழை கண்ணுக்குத் தெரியும்படி கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டும். அதை ஒரு டிம்மரோடு இணைத்துக்கொள்ளுங்கள். வயரிங் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு பலகையில் பொருத்தி வாங்கிக்கொள்வது நல்லது. திறந்த முனையோடு ஒயரைக் கையாளவே வேண்டாம்.

அறையை இருட்டாக்கிவிட்டு டிம்மரை முழுதாகத் திறங்கள். இழை மஞ்சள் கலந்த வெள்ளையாக எரியும். அப்போது அதன் சூடு ஏறத்தாழ 2700 கெல்வின். இனி மெல்ல மெல்லக் குறையுங்கள். மஞ்சள், ஆரஞ்சு, செம்மஞ்சள், கடைசியில் அணைவதற்குச் சற்று முன்பு மங்கிய கருஞ்சிவப்பு. இழை ஒன்றுதான், சாயம் எதையும் மாற்றவில்லை. சூடு மட்டும் குறைந்தது, நிறம் அதன் பின்னாலேயே போனது. இதை நாலைந்து தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள். நான் எத்தனையோ பேருக்கு இதைக் காட்டியிருக்கிறேன். இன்றும் அந்தக் கருஞ்சிவப்பிலிருந்து மஞ்சளுக்கு ஏறும் நொடியில் எனக்கு ஒரு சந்தோஷம் வரும்.

இன்னொன்றும் கவனித்திருப்பீர்கள். சூடு குறையும்போது நிறம் மட்டும் மாறவில்லை, வெளிச்சமும் சடசடவென்று விழுகிறது. சூடு இரண்டு மடங்கானால் அதே பரப்பிலிருந்து வரும் மொத்த ஆற்றல் பதினாறு மடங்காகும். இதைப் பிறகு திருவாதிரையிடம் போகும்போது நினைவில் வையுங்கள்.

ஏன் இப்படி நிறம் மாறுகிறது? சூடான எந்தப் பொருளும் எல்லா நிறங்களையும் கலந்தே வெளிவிடும். எந்த நிறம் மிகுதியாக வரும் என்பதைத்தான் சூடு முடிவு செய்கிறது. ஜெர்மனியின் வில்ஹெல்ம் வீன் 1893-ல் இதற்கு எளிய விதி ஒன்றைக் கண்டார். 29 லட்சத்தைக் கெல்வினால் வகுத்தால், ஒளி உச்சத்தில் இருக்கும் அலைநீளம் நானோமீட்டரில் கிடைக்கும். குண்டு பல்பு 2700 கெல்வின் என்றால் உச்சம் 1070 நானோமீட்டர் அருகே. நம் கண்ணுக்குத் தெரிவது சுமார் 400 முதல் 700 வரைதான். அதாவது பல்பின் உச்சம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பில் இருக்கிறது; அதன் வாலின் சிவப்பு நுனியைத்தான் நாம் வெளிச்சம் என்கிறோம். மீதியெல்லாம் கையைச் சுடும் வெப்பம். எல்இடி வந்த பிறகு குண்டு பல்பு விற்காமல் போனதற்குக் காரணமும் இதேதான்.

சூரியனின் மேற்பரப்பு 5772 கெல்வின். வகுத்துப் பாருங்கள், 502 வரும். அது பச்சை. அப்படியானால் சூரியன் பச்சையாக அல்லவா தெரிய வேண்டும்? இல்லை. பச்சைக்கு இரண்டு பக்கமும் சிவப்பும் நீலமும் ஏறக்குறைய அதே அளவில் வருகின்றன, எல்லாம் கலந்து வெள்ளையாகிவிடுகிறது. அதனால்தான் வானத்தில் பச்சை நட்சத்திரம் என்று ஒன்றைக் காண முடிவதில்லை. சூரியனும் உண்மையில் வெள்ளைதான். உச்சி வெயிலில் ஒரு வெள்ளைத் தாளை நீட்டிப் பார்த்தால் தெரியும். தயவுசெய்து சூரியனை நேராகப் பார்க்காதீர்கள்.

எது சூட்டின் நிறம், எது இரவல் நிறம்

நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இதைத்தான். நிறத்தை வைத்துச் சூட்டைச் சொல்ல வேண்டுமானால், அந்த நிறம் சூட்டால் வந்ததாக இருக்க வேண்டும். என் கடையில் இருக்கும் 6500கே எல்இடி பல்பைத் தொட்டுப் பாருங்கள், கை பொறுக்கும் சூடுதான். உள்ளே நீலமாக எரியும் ஒரு சில்லும் அதன் மேல் மஞ்சள் பூச்சும் இருக்கின்றன, இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. எண் இரவல் வாங்கியது. கேஸ் அடுப்பின் நீலச் சுடரும் அப்படித்தான், எரியும் வாயுவின் மூலக்கூறுகள் தரும் நிறம் அது. அதை வைத்து ‘நீலம், எனவே பத்தாயிரம் கெல்வின்’ என்று கணக்குப் போட முடியாது. குண்டு பல்பின் இழையோ தன் சூட்டின் நிறத்தையே காட்டுகிறது. நட்சத்திரமும் பெரும்பாலும் அப்படியே. அதனால்தான் பயிற்சிக்கு இழை பல்புதான் வேண்டும் என்றேன்.

மாடிக்கு ஏறுங்கள்

தொடங்க நல்ல காலம் தை மாதம், இரவு ஒன்பது மணி. ஓரியன் என்னும் வேட்டைக்காரன் தலைக்கு மேலே நிற்பான். நடுவில் வரிசையாக மூன்று நட்சத்திரம் இருக்கும், அது அவன் இடுப்புப் பட்டை. அதற்கு வடக்கே ஒரு தோளில் மினுங்குவது திருவாதிரை, மேல்நாட்டுப் பெயர் பெட்டல்ஜூஸ். தெற்கே காலில் இருப்பது ரைஜல். இரண்டையும் மாறி மாறிப் பாருங்கள். ஒன்று ஆரஞ்சு, மற்றது நீலம் தொட்ட வெள்ளை. முதல்முறையே பளிச்சென்று தெரியும் ஜோடி இது. திருவாதிரை ஏறத்தாழ 3600 கெல்வின், ரைஜல் ஏறத்தாழ 12,000.

மார்கழித் திருவாதிரை அன்று பார்க்கலாமே என்று தோன்றும். அன்று முழுநிலா இந்த நட்சத்திரத்தின் பக்கத்திலேயே நிற்கும், நிறம் வெளிறிப் போய்விடும். பத்து நாள் பொறுத்து, நிலா வருவதற்கு முன் பாருங்கள். சிவனை ஆதிரையான் என்று அழைத்தவர்களின் கண்ணுக்கு இந்தச் செம்மை கட்டாயம் பட்டிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

பார்க்கும் முறையில் சில விஷயங்கள் இருக்கின்றன. வெளிச்சத்திலிருந்து வந்தவுடன் பார்க்காமல் பத்து நிமிடம் இருட்டில் இருங்கள். மங்கலான பொருளைத் தேடுகிறவர்கள் அரை மணிக்கு மேல் காத்திருக்க வேண்டும். நமக்கு அது தேவையில்லை, ஏனென்றால் நிறத்தைப் பார்ப்பது கண்ணின் கூம்புச் செல்கள், அவை சீக்கிரம் பழகிவிடும். தெருவிளக்கு கண்ணில் படாத பக்கமாக நில்லுங்கள். மங்கலான விண்மீனைக் கடைக்கண்ணால் பார் என்று சொல்வார்கள். நிறத்துக்கு அது ஆகாது, நேராகவே பார்க்க வேண்டும். நன்கு ஒளிரும் நட்சத்திரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மங்கலானவை எவ்வளவு சிவப்பானாலும் நம் கண்ணுக்குச் சாம்பல் வெள்ளைதான்.

பைனாகுலர் இருந்தால் இன்னொரு வழி உண்டு. நட்சத்திரத்தைத் துல்லியமாக ஃபோகஸ் செய்துவிட்டு, சக்கரத்தைக் கொஞ்சம் திருப்பிக் கலைத்துவிடுங்கள். கூர்மையான புள்ளி சிறு வட்டமாக விரியும். புள்ளியாக இருக்கும்போது கண் கூசி எல்லாம் வெள்ளையாகத் தெரியும். வட்டமாக விரிந்ததும் நிறம் வெளிப்படும். இந்த ஒரு சின்ன வேலையில் எங்களுக்குக் கிடைத்த பலன் வேறு எதிலும் கிடைக்கவில்லை.

அடுத்து, உயரம். கையை நீட்டி முஷ்டியை மூடினால் அதன் அகலம் வானத்தில் சுமார் பத்து பாகை. அடிவானத்திலிருந்து மூன்று முஷ்டிக்குக் கீழே உள்ள நட்சத்திரத்தின் நிறத்தை நம்பாதீர்கள். நாங்கள் தொடங்கிய வருடம், மார்கழி பாதியில், கிழக்கே அப்போதுதான் எழுந்த சிரியஸைப் பார்த்தோம். சிவப்பு, பச்சை, நீலம் என்று மாறி மாறி மின்னியது. இந்த நட்சத்திரத்தின் சூடே ஏறி இறங்குகிறது போல என்று மகளிடம் நான் சொல்லிவிட்டேன். அது தவறு. தாழ்வாக இருக்கும்போது ஒளி அதிகக் காற்றைக் கடந்து வருகிறது. அலையும் காற்று நிறங்களைப் பிரித்துப் பிரித்துச் சிதறடிக்கிறது. இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அதே சிரியஸ் அமைதியான நீல வெள்ளை. ஏறத்தாழ 9900 கெல்வின். தெற்கே தாழ்வாகத் தெரியும் அகத்தியர் நட்சத்திரத்துக்கும் (கனோபஸ்) இந்தத் தொல்லை உண்டு. திண்டுக்கல்லில் அது எப்போதும் 27 பாகைக்கு மேல் ஏறாது. 7400 கெல்வின் அருகே உள்ள அது தூய வெள்ளையாக இருக்க வேண்டும், எங்கள் மாடியிலிருந்து இளமஞ்சள் படிந்துதான் தெரிகிறது.

கடையில் ஒரு சாம்பிள் போர்டு வைத்திருக்கிறேன், 3000, 4000, 6500 என்று பல்புகளை வரிசையாக மாட்டியது. தை மாத வானம் அதைவிடப் பெரிய சாம்பிள் போர்டு. திருவாதிரை 3600. அதற்கு மேற்கே ரோகிணி 3900. வடக்கே புனர்பூசத்தின் போலக்ஸ் 4800 அருகே. கபெல்லா 5000 சுற்றி. கிழக்கே புரோசியான் ஏறத்தாழ 6500, அதாவது நான் தினமும் விற்கும் வெள்ளை பல்பின் அதே எண்! அப்புறம் சிரியஸ், ரைஜல். இந்த வரிசையிலேயே ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஆரஞ்சிலிருந்து நீல வெள்ளைக்கு ஏறும் படிக்கட்டு தெரியும்.

புரோசியானைப் பார்த்தபோது எனக்கு ஒரு குழப்பம் வந்தது. 6500கே பல்பு கடையில் லேசாக நீலமாகத் தெரிகிறது. புரோசியானோ பாலில் ஒரு சொட்டு மஞ்சள் விட்டதுபோல் இருக்கிறது. எண் ஒன்று, நிறம் வேறா? காரணம் பக்கத்தில் இருப்பது. பல்புக்குப் பக்கத்தில் 3000கே எரிகிறது, புரோசியானுக்குப் பக்கத்தில் சிரியஸ். கண் எப்போதும் ஒப்பிட்டுத்தான் பார்க்கும். அதனால் ஒற்றை நட்சத்திரத்தைப் பார்த்து நிறம் சொல்லாதீர்கள், ஜோடியாகவே பாருங்கள். மற்றவர் கண்ணோடு உங்கள் கண்ணை ஒப்பிடவும் வேண்டாம். என் அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்து கட்டுப் பிரித்த அன்று, “என்னடா, டியூப் லைட்டு இப்படி நீலமா எரியுது” என்றார். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் மஞ்சளாகும், நட்சத்திரமும் அதன் வழியாகத்தான் தெரிகிறது.

ஒரு விஷயம் என்னை இன்றும் பிரமிக்க வைக்கிறது. புத்தகங்களில் திருவாதிரையை ரத்தச் சிவப்பாக வரைகிறார்கள். அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 3600 கெல்வின் என்றேன். குண்டு பல்பின் இழை 2700. வானத்தின் பேர்போன சிவப்பு நட்சத்திரம், என் கடையின் குண்டு பல்பைவிடச் சூடு! இழை செய்யும் டங்ஸ்டன் உருகுவதே 3695 கெல்வினில்தான், திருவாதிரை அதைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. எனவே சிக்னல் சிவப்பைத் தேடாதீர்கள், ஆரஞ்சுப் பழத் தோல் வெளுத்த நிறத்தைத் தேடுங்கள்.

சூடு குறைந்தது என்றால் மங்கலாக அல்லவா இருக்க வேண்டும்? டிம்மர் பாடம் அதைத்தானே சொன்னது. உண்மைதான். திருவாதிரையின் ஒரு சதுர மீட்டர், சூரியனின் ஒரு சதுர மீட்டர் தருவதில் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு ஆற்றலைத்தான் தருகிறது. ஆனால் அதற்கு எத்தனை சதுர மீட்டர்! சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் செவ்வாயின் பாதையையும் விழுங்கிவிடும். சிவந்தும் இருந்து, தொலைவிலும் இருந்து, பளிச்சென்றும் தெரிகிறது என்றால் அது ராட்சதன் என்று மாடியில் நின்றே சொல்லிவிடலாம்.

போனில் பிடிப்பது

போன் கேமராவில் புரோ மோட் இருந்தால் போதும். அங்கே டபிள்யூபி என்று ஒரு அளவு இருக்கும், அதுவும் கெல்வின்தான். அதை ஆட்டோவில் விட்டால் போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் ‘திருத்தி’ எல்லாவற்றையும் வெள்ளையாக்கிவிடும். 5500-ல் நிறுத்துங்கள். ஐஎஸ்ஓ 800, நேரம் எட்டு அல்லது பத்து விநாடி. போனை ஒரு செங்கல்லில் சாய்த்து, டைமர் வைத்து எடுங்கள். ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்துவிடுங்கள், காரணம் பைனாகுலருக்குச் சொன்னதேதான். திருவாதிரையும் ரைஜலும் ஒரே படத்தில் இரண்டு நிற வட்டங்களாக விழும்.

எண் வேண்டுமென்றால்

1953-ல் ஜான்சனும் மார்கனும் ஒரு முறையை வகுத்தார்கள். நட்சத்திரத்தின் ஒளியை நீல வடிகட்டி வழியாக ஒருமுறை, பச்சை மஞ்சள் வடிகட்டி வழியாக ஒருமுறை அளந்து, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை நிற எண் என்கிறார்கள். சூடு அதிகமானால் எண் சிறுக்கும். சிரியஸுக்கு 0, சூரியனுக்கு 0.65, சுவாதிக்கு 1.23, திருவாதிரைக்கு 1.85. ஸ்டெல்லேரியம் செயலியில் நட்சத்திரத்தைத் தொட்டால் இந்த எண் வரும். அதைக் கெல்வினாக்க ஸ்பெயின் வானியலாளர் ஒருவர் 2012-ல் தந்த சூத்திரம்:

வெப்பநிலை = 4600 × [ 1 ÷ (0.92 × நிற எண் + 1.7) + 1 ÷ (0.92 × நிற எண் + 0.62) ]

சுவாதியின் 1.23-ஐப் போட்டால் 4250 வருகிறது. உண்மையான அளவீடு 4290 பக்கம். அருமையான பொருத்தம். இப்போது சித்திரை நட்சத்திரத்தின் −0.23-ஐப் போடுங்கள். 14,350 வரும். ஆனால் சித்திரை ஓர் இரட்டை விண்மீன், அதில் முதன்மையானது 25,000 கெல்வின் அளவில் எரிவது. சூத்திரம் இவ்வளவு தள்ளிப்போகக் காரணம், பத்தாயிரத்துக்கு மேல் போனால் உச்சம் புற ஊதாவுக்கு நகர்ந்துவிடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதியில் வெறும் வால்தான் மிச்சம், அந்த வாலின் நிறம் அதற்கு மேல் பெரிதாக மாறுவதில்லை. ஆகவே நிறம் என்ற தெர்மாமீட்டர் 3000 முதல் 8000 வரை நன்றாக வேலை செய்யும், மேலே போகப் போக மழுங்கும்.

அங்கே நிறமாலைக் கோடுகள், அதாவது ஒளியை நிறம் நிறமாகப் பிரித்தால் நடுநடுவே தெரியும் கருங்கோடுகள், கைகொடுக்கின்றன. எந்தச் சூட்டில் எந்த அணு எத்தனை எலக்ட்ரானை இழக்கும் என்ற கணக்கை 1920-ல் நமக்குத் தந்தவர் இந்திய இயற்பியலாளர் மேகநாத் சாஹா. நட்சத்திர ஒளியில் தெரியும் கோடுகளைப் பார்த்துச் சூட்டைச் சொல்ல அந்தச் சமன்பாடுதான் வழி திறந்தது.

நிறம் நம்மை ஏமாற்றும் இடம் இன்னொன்றும் உண்டு, தூசி. 2020 பொங்கல் சமயத்தில் மாடியில் நின்றபோது திருவாதிரை ரோகிணியைவிட மங்கிக் கிடந்தது. அடுத்த மாதம் ஓரியனின் இன்னொரு தோளான பெல்லாட்ரிக்ஸ் அளவுக்கு இறங்கியது. டிம்மரைக் குறைத்ததுபோல் சூடு குறைந்துவிட்டதோ என்றுதான் நான் நினைத்தேன். மேற்பரப்பில் ஒரு பகுதி குளிர்ந்தது உண்மை. அதோடு, நட்சத்திரமே வெளியே தள்ளிய வாயு தூசியாக உறைந்து நமக்கும் அதற்கும் நடுவே திரைபோல் நின்றது என்று பிறகு ஆராய்ச்சியாளர்கள் கண்டார்கள். தூசி நீலத்தைத்தான் அதிகமாக மறைக்கும், சிவப்பை விட்டுவிடும். தூசிக்குப் பின்னால் உள்ள நட்சத்திரம் உள்ளதைவிடச் சிவந்து, சூடு குறைந்ததுபோலத் தெரியும்.

தை மாதத்தைத் தவறவிட்டவர்கள் வைகாசியில் ஒன்பது மணிக்குப் பாருங்கள், சுவாதியும் சித்திரையும் நல்ல உயரத்தில் இருக்கும். ஆரஞ்சு கலந்த மஞ்சளும் நீல வெள்ளையும். ஒரு நோட்டில் தேதி, நட்சத்திரம், தெரிந்த நிறம், உங்கள் ஊகக் கெல்வின் ஆகியவற்றைச் செயலியைத் திறப்பதற்கு முன்னால் எழுதிவிடுங்கள். பிறகு சரிபாருங்கள். முதல் வருடம் என் மகளின் ஊகங்கள் ஆயிரக்கணக்கில் தவறின, இப்போது ஆரஞ்சு நட்சத்திரங்களில் ஐந்நூறுக்குள் சொல்கிறாள்.

ஆடியில் தெற்கே விருச்சிகத்தின் நடுவில் கேட்டை எழும்பி நிற்கும். அதன் கிரேக்கப் பெயரான அன்டாரெஸுக்குச் செவ்வாயின் போட்டியாளன் என்று பொருள். செவ்வாய் சுமார் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அதன் அருகே கடந்து போகும். அப்போது இரண்டையும் பைனாகுலரில் மாறி மாறிக் கலைத்துப் பாருங்கள். கிட்டத்தட்ட ஒரே செம்மை. கேட்டை தன் சொந்தச் சூட்டில், ஏறத்தாழ 3600 கெல்வினில் சிவந்து எரிகிறது. பக்கத்தில் இருக்கும் செவ்வாயின் சராசரிச் சூடு பனிக்கட்டியைவிடக் கீழே, பூஜ்யத்துக்கும் அறுபது பாகை குறைவான குளிர். அதன் சிவப்பு, மண்ணில் இருக்கும் இரும்பு பிடித்த துரு.